ரேம் இரட்டிப்பானது, ஸ்கோர் நகரவில்லை: என்ன நடந்தது?

அக்கா பையன் போன் செய்தபோதே குரலில் சலிப்பு. "மாமா, லேப்டாப்புல எட்டு ஜிபியைப் பதினாறாக்கினேன். சினிபெஞ்ச் ஆர்23 ஓட்டிப் பார்த்தா பழைய ஸ்கோர்தான் வருது, சொல்லப்போனா பத்து பாயின்ட் கம்மி. டூப்ளிகேட் ரேமைத் தலையில கட்டிட்டாங்களோ?" நேரில் போய்ப் பார்த்தேன். ரேம் நல்ல ரேம்தான். டாஸ்க் மேனேஜர் 16 ஜிபி என்கிறது, இரண்டு ஸ்லாட்டும் நிரம்பியிருக்கிறது, வேகம் 3200 என்று காட்டுகிறது. எல்லாம் ஒழுங்காக இருந்தும் ஸ்கோர் ஏறவில்லையே என்றால், அந்த ஸ்கோர் எதை அளக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

சினிபெஞ்ச் செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். ஒரு முப்பரிமாணக் காட்சியை எடுத்துக்கொண்டு, வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே விழுகிறது என்று கணக்குப் போட்டுச் சதுரம் சதுரமாகப் படத்தை வரைந்து முடிக்கிறது; எவ்வளவு சீக்கிரம் முடித்தது என்பதுதான் ஸ்கோர். யார் கணினியில் ஓட்டினாலும் அதே காட்சி, அதற்கு வேண்டிய நினைவகமும் அதே அளவு, எட்டு ஜிபியிலேயே அது தாராளமாக அடங்கிவிடும், அதிலும் திரும்பத் திரும்பத் தேவைப்படுகிற தரவு செயலிக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்கிற சின்ன நினைவகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். புதிதாகப் போட்ட எட்டு ஜிபி அவ்வளவு நேரமும் சும்மா நின்று வேடிக்கை பார்த்திருக்கிறது. சமையல் மேடையை இரண்டு மடங்கு அகலமாகக் கட்டிவிட்டு, ஒரு தோசை ஊற்றிப் பார்த்து, முன்பு வெந்த அதே நேரம்தானே ஆகிறது என்று கேட்பது மாதிரிதான் இது. தோசை வேகிற நேரம் அடுப்பைப் பொறுத்தது. மேடையின் அருமை தெரிய வீட்டில் ஒரு விசேஷம் வர வேண்டும்.

இதைச் சினிபெஞ்சின் குறை என்று சொல்ல மாட்டேன். இந்த மாதிரி சோதனை மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இரண்டு கவலை: சாதாரணக் கணினியிலும் அது ஓட வேண்டும், எத்தனை தடவை ஓட்டினாலும் கிட்டத்தட்ட ஒரே எண் வர வேண்டும். நினைவகம் நிரம்பி வழிய ஆரம்பித்தால் இரண்டுமே கெட்டுப்போகும். அதனால் சோதனையை அளவாக வைத்துக்கொள்கிறார்கள், ஓட்டுவதற்கு முன் மற்றதையெல்லாம் மூடிவிடுங்கள் என்றும் சொல்லிவிடுகிறார்கள். நாமும் சொன்ன பேச்சு கேட்டு குரோமை மூடி, வேர்டை மூடி, வாட்ஸ்அப்பை மூடி, எந்த நெரிசலுக்காக ரேம் வாங்கினோமோ அந்த நெரிசலையே சுத்தமாகத் துடைத்துவிட்டு, அப்புறம் ரேம் என்ன செய்தது என்று தேடுகிறோம். (அந்தப் பத்து பாயின்ட் குறைந்ததைப் பொருட்படுத்தவே வேண்டாம். லேப்டாப் சூடாக இருந்தாலோ பின்னால் ஏதாவது அப்டேட் ஓடிக்கொண்டிருந்தாலோ அவ்வளவு ஏறி இறங்கும். மூன்று தடவை ஓட்டி நடுவில் வருகிற எண்ணை வைத்துக்கொள்வதுதான் என் வழக்கம்.)

நெரிசல் வரும்போது உண்மையில் என்ன ஆகிறது என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். ரேமில் இடம் போதாமல் போனால் விண்டோஸ் நிரல்களை நிறுத்திவிடாது. கொஞ்ச நேரமாக யாரும் தொடாத பக்கங்களை (நினைவகத்தின் சின்னச் சின்னத் துண்டுகளை) எடுத்து வட்டில் இருக்கும் பேஜ்ஃபைல் என்ற கோப்பில் போட்டு வைக்கும், திரும்பக் கேட்டால் அங்கிருந்து எடுத்துக் கொடுக்கும். மேடையில் இடமில்லை என்று பாத்திரத்தைப் பரணில் ஏற்றி வைத்து, தேவைப்படும்போதெல்லாம் ஏணி போட்டு இறக்குகிற கதை. ரேமிலிருந்து ஒரு தரவை எடுக்க ஏறக்குறைய 100 நானோவினாடி ஆகும். எஸ்எஸ்டி என்றால் ஏறக்குறைய 100 மைக்ரோவினாடி, அதாவது ஆயிரம் மடங்கு. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் 10 மில்லிவினாடி பக்கம், லட்சம் மடங்கு. ரேமுக்கு ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால் எஸ்எஸ்டிக்குப் பதினாறு, பதினேழு நிமிடம், ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு நாளைக்கும் மேல். முப்பது டேப் திறந்து வைத்துவிட்டு எக்ஸெலுக்குப் போய்த் திரும்பி வந்தால் பக்கம் வெள்ளையாக நின்று யோசிக்கிறதே, அது இந்த ஏணி ஏறுகிற நேரம். ரேம் கூட்டினால் போவது அந்த ஏணி வேலைதான். சினிபெஞ்ச் ஓடும்போது யாரும் ஏணி ஏறுவதே இல்லை, அப்புறம் அதில் என்ன வித்தியாசம் தெரியும்?

இந்தக் குழப்பத்துக்கு வயது ஒன்றும் குறைவில்லை. 2007-ல் விஸ்டா வந்தபோது மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்பீரியன்ஸ் இண்டெக்ஸ் என்று ஒன்றைக் கணினிக்குள்ளேயே வைத்தது. செயலி, நினைவகம், கிராபிக்ஸ், கேமிங் கிராபிக்ஸ், முதன்மை வட்டு என்று ஐந்து பாடம், ஐந்துக்கும் தனித்தனி மார்க். விஸ்டாவில் 1.0 முதல் 5.9 வரை, 2009-ல் வந்த விண்டோஸ் 7-ல் 7.9 வரை, 2012-ல் விண்டோஸ் 8-ல் 9.9 வரை. பெரிய எழுத்தில் காட்டுகிற பேஸ் ஸ்கோர் இந்த ஐந்தின் சராசரி இல்லை, ஐந்தில் எது குறைவோ அது. குடும்பத்தோடு கிரிவலம் போனால் பாட்டி நடக்கிற வேகம்தானே மொத்தக் கூட்டத்தின் வேகம், அந்தக் கணக்கு. கணக்கு நியாயமானதுதான், ஆனால் யாரும் அதைப் படிக்கவில்லை. கிராபிக்ஸ் 4.4-ல் கிடக்கிற கணினியில் எத்தனை ஜிபி சேர்த்தாலும் பேஸ் ஸ்கோர் 4.4 என்றே நின்றது, உடனே ரேம் வேலை செய்யவில்லை என்ற புலம்பல். விண்டோஸ் 7-ல் சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்கு 5.9-க்கு மேல் மார்க்கே கிடையாது, அதனால் மற்ற நான்கையும் எவ்வளவு மெருகேற்றினாலும் எஸ்எஸ்டி போடும் வரைக்கும் 5.9-தான் உச்சம்.

அதில் ரேம் மார்க் போட்ட விதம் இன்னும் வேடிக்கை. அடிப்படையில் அது அளந்தது நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையே வினாடிக்கு எவ்வளவு தரவு போய் வருகிறது என்பதை, அதாவது வேகத்தை. ஆனால் அளவையும் கணக்கில் எடுக்க வேண்டுமே என்று சில உச்சவரம்புகள் வைத்திருந்தார்கள். விண்டோஸ் 7 ஓடுகிற 64 பிட் கணினியில் 4 ஜிபியோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் ரேம் மார்க் 5.9-ஐத் தாண்டாது, ரேம் எவ்வளவு வேகமாக இருந்தாலும் சரி. ஆக 4 ஜிபியிலிருந்து 8 ஜிபிக்குப் போனவருக்கு அந்த மார்க் ஒரேயடியாக 7-க்கு மேல் தாவுவதுண்டு, அதைப் பார்த்து ரேம் வேகமாகிவிட்டது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. உண்மையில் வரம்பு விலகியது, அவ்வளவுதான். அதோடு இன்னொரு கூத்து: ரேமை மாற்றினாலும் இண்டெக்ஸ் தானாக உடனே மாறாது, மறுபடி சோதனையை ஓட்டச் சொல்லும், லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகாமல் ஓட்டவும் விடாது. ஓட்டாமலே பழைய மார்க்கைப் பார்த்துக் கவலைப்பட்டவர்கள் ஏராளம். இன்னும் பாவம் மலிவான நெட்புக் வாங்கியவர்கள். அதில் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 2 ஜிபிக்கு மேல் ரேமைத் தொடவே தொடாது. அதைத் தெரியாமல் 4 ஜிபி ஸ்டிக்கை வாங்கி மாட்டினால் பாதி ரேம் பெட்டிக்குள் சும்மா கிடக்கும்.

சரி, ரேம் சேர்த்ததும் ஸ்கோர் நிஜமாகவே ஏறுகிற இடம் எதுவும் இல்லையா? இருக்கிறது, நம்ம பையனின் லேப்டாப்பிலேயே இருந்தது, அவன்தான் பார்க்கவில்லை. அதில் முதலில் இருந்தது ஒரே ஒரு 8 ஜிபி டிடிஆர்4-3200 ஸ்டிக் (டிடிஆர்4 என்பது ரேமின் தலைமுறை, 3200 அதன் வேகம்). ஒரு சேனல் என்பது 64 பிட் அகலப் பாதை, ஒரு தடவைக்கு 8 பைட் போகும், வினாடிக்கு 3200 மில்லியன் தடவை என்றால் 25.6 ஜிபி. இரண்டாவது ஸ்டிக் இன்னொரு சேனலில் உட்கார்ந்ததும் பாதை இரண்டாகிறது, காகிதக் கணக்குப்படி வினாடிக்கு 51.2 ஜிபி. இதைத்தான் டூயல் சேனல் என்கிறார்கள். செயலிக்கு இதனால் பெரிய மாற்றம் தெரியாது, கேஷ் அதற்குத் துணை நிற்கிறது. ஆனால் செயலியோடு ஒட்டியே வருகிற கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, நாம் மாட்டுகிற ரேமைத்தான் அதுவும் பங்கு போட்டுக்கொள்கிறது, படம் வரைகிற வேலைக்கோ தரவு கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு இரண்டாவது பாதை கிடைப்பது பெரிய விஷயம்.

அவன் லேப்டாப் இன்டெல் 11-ஆம் தலைமுறை ஐ5. டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற இடத்தைப் பார்க்கச் சொன்னேன். "மாமா, முன்னாடி யூஎச்டி கிராபிக்ஸ்னுதான் இருந்துச்சு, இப்ப ஐரிஸ் எக்ஸ்ஈன்னு இருக்கு!" என்று கத்தினான். அதுதான் விஷயம். அந்தத் தலைமுறையில் ஐரிஸ் எக்ஸ்ஈ என்ற பெயரைக் காட்ட இன்டெல் வைத்த நிபந்தனையே நினைவகம் இரண்டு சேனலாக இருக்க வேண்டும் என்பது. ஒற்றை ஸ்டிக்கோடு விற்ற லேப்டாப்பில் உள்ளே அதே சிப் இருந்தும் பெயர் யூஎச்டி என்றே வரும். பிறகு கிராபிக்ஸை அளக்கிற 3டிமார்க் என்ற சோதனையை ஓட்டினான், எண் நன்றாகவே ஏறியிருந்தது, அவன் விளையாடுகிற கேமும் அப்படியே. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும், அந்த ஏற்றம் எட்டு பதினாறானதால் வந்ததில்லை. ஆரம்பத்திலேயே இரண்டு 4 ஜிபி ஸ்டிக் போட்டிருந்தால் எட்டு ஜிபியிலேயே அந்தப் பலன் கிடைத்திருக்கும். 16 ஜிபியை ஒரே ஸ்டிக்காக வாங்கிப் பழையதைக் கழற்றிவிட்டு மாட்டியிருந்தால் கிடைத்திருக்காது.

தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கிற கணினியில் இந்த நாடகம் இல்லை, கார்டுக்குச் சொந்த நினைவகம் உண்டு. அங்கே 3டிமார்க் எண் அசையாமல் நிற்பதுதான் வழக்கம்.

நினைவகத்தின் மேல் நேரடியாகவே கை வைக்கிற சோதனைகளும் இருக்கின்றன. 1991-ல் ஜான் மெக்கால்பின் தொடங்கிய ஸ்ட்ரீம் என்ற சின்ன நிரல் அதில் மூத்தது. கேஷுக்குள் அடங்காத அளவுக்குப் பெரிய எண் வரிசைகளை எடுத்துக்கொண்டு நகலெடுப்பது, பெருக்குவது, கூட்டுவது, பெருக்கிக் கூட்டுவது என்று நாலே நாலு வேலை செய்யும், இன்றைக்கும் சூப்பர் கம்ப்யூட்டர்காரர்கள் அதை வைத்துத்தான் பேசுகிறார்கள். நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது, கோப்புகளைச் சுருக்கவும் விரிக்கவும் பயன்படும் 7-ஜிப் என்ற மென்பொருளிலேயே இருக்கும் சோதனை. அதில் கம்ப்ரெஸ் (சுருக்குவது) செய்கிற எண் ரேமைப் பார்த்து மாறும், டீகம்ப்ரெஸ் (விரிப்பது) எண் செயலியைப் பார்த்து மாறும், ஏனென்றால் கம்ப்ரெஸ் செய்யும்போது முன்னால் வந்த தரவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தேடலில் பாதை எவ்வளவு அகலம் என்பதைவிடக் கேட்டதும் எவ்வளவு சீக்கிரம் பதில் வருகிறது என்பதுதான் முக்கியம்.

அந்தக் காத்திருப்பு நேரம் ஸ்டிக்கின் மேல் ஒட்டியிருக்கிற சிஎல் எண்ணில் ஒளிந்திருக்கிறது. 3200 வேகத்தில் சிஎல்16 என்றால் 10 நானோவினாடி, அதே 3200-ல் சிஎல்22 என்றால் 13.75. ஆரம்பத்தில் வந்த டிடிஆர்5-4800 சிஎல்40 ஸ்டிக்கில் இது 16.67 ஆகிறது, பாதை அகலமோ ஒரு ஸ்டிக்குக்கு 38.4 ஜிபி. புதுத் தலைமுறை ரேம் போட்டும் சில சோதனைகளில் எண் குறைந்து போவதற்கு இது ஒரு காரணம்.

எண் குறைவது என்றதும் அடுத்ததைச் சொல்லியாக வேண்டும், ரேம் சேர்த்த பிறகு கணினி உண்மையிலேயே மெதுவாகிற சந்தர்ப்பங்கள் உண்டு. 3200 ஸ்டிக் இருக்கிற இடத்தில் வீட்டில் கிடந்த 2400 ஸ்டிக்கைச் சேர்த்து மாட்டினால் இரண்டுமே 2400-ல்தான் ஓடும், இங்கேயும் பாட்டி கணக்குதான். டெஸ்க்டாப்பில் 3600 என்று அட்டையில் போட்டு விற்கிற ரேம் தானாக 3600-ல் ஓடாது. கணினி தொடங்கும்போது திறக்கிற பயாஸ் என்ற அமைப்புத் திரையில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை நாம்தான் இயக்க வேண்டும், புதுஸ்டிக் மாட்டியதும் சில மதர்போர்டுகள் அந்த அமைப்பை அணைத்துவிட்டு 2133-க்கோ 2666-க்கோ இறங்கிவிடும், நமக்குச் சொல்லாது. பெரும்பாலான நாலு ஸ்லாட் போர்டில் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட் இரண்டும் ஒரே சேனல். அங்கே சேர்த்துச் செருகினால் இரண்டு ஸ்டிக் போட்டும் ஒற்றைப் பாதைதான், செயலியிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போட வேண்டும். டிடிஆர்5 வந்த பிறகு இது இன்னும் கடுமையாகிவிட்டது. ஏஎம்டி ரைசன் 7000 செயலிகளுக்கு ஏஎம்டியே எழுதி வைத்திருக்கிற கணக்கு, இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நாலு ஸ்டிக் என்றால் 3600. இரண்டு காலி ஸ்லாட் இருக்கிறதே என்று ஆசைப்பட்டு நிரப்பினால் அளவு இரட்டிப்பாகும், வேகம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இறங்கும். என்னைக் கேட்டால் டிடிஆர்5-ல் நாலு ஸ்டிக் போடவே வேண்டாம், பழையதை விற்றுவிட்டு இரண்டு பெரிய ஸ்டிக்காக வாங்கிக்கொள்ளலாம்.

அளவு வேறுபட்ட ஸ்டிக்குகளைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். இன்டெல் லேப்டாப்பில் 8-உம் 16-உம் போட்டால் முதல் 16 ஜிபி டூயல் சேனலாகவும் மிச்சம் 8 ஜிபி ஒற்றைச் சேனலாகவும் ஓடும். பெரிய நஷ்டமில்லை, தாராளமாகச் சேர்க்கலாம்.

சிபியு-இசட் என்ற கருவியைத் திறந்து பார்த்து அலறுகிறவர்களும் இருக்கிறார்கள். 3200 ரேம் வாங்கியவருக்கு அது 1600-க்குப் பக்கத்தில் ஒரு எண்ணைக் காட்டும். பாதி வேகம்தான் கொடுத்தார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். டிடிஆர் என்றாலே ஒரு கடிகாரத் துடிப்புக்கு இரண்டு தடவை தரவு அனுப்புவது என்றுதான் பொருள், துடிப்பு 1600 மெகாஹெர்ட்ஸ், அனுப்புவது அதன் இரட்டிப்பு. டாஸ்க் மேனேஜர் இரட்டிப்பைக் காட்டுகிறது, சிபியு-இசட் துடிப்பைக் காட்டுகிறது, இரண்டுமே சரி.

அப்படியானால் இடம் கூடியதை எங்கே பார்ப்பது? நான் பார்க்கச் சொல்வது ரிசோர்ஸ் மானிட்டர். மெமரி டேபில் ஹார்ட் ஃபால்ட்ஸ் என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது, வினாடிக்கு எத்தனை தடவை ஒரு நிரல் ரேமில் இல்லாத பக்கத்தை வட்டிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது என்ற எண்ணிக்கை அது. பெயரில் ஃபால்ட் என்று இருப்பதால் ரேமில் பழுது என்று பயந்துவிடாதீர்கள், நம்ம ஏணி ஏறுகிற கணக்குதான். ஒரு நிரலைத் திறக்கிற நேரத்தில் அது துள்ளுவது இயல்பு, திறந்து முடிந்த பிறகும் நூற்றுக்கணக்கில் ஓடிக்கொண்டே இருந்தால்தான் இடம் போதவில்லை என்று அர்த்தம். டாஸ்க் மேனேஜரில் கமிட்டட் என்று சாய்கோட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு எண் வரும். இடப்பக்க எண் நீங்கள் மாட்டியிருக்கிற ரேமைவிட அடிக்கடி பெரிதாக இருந்தால் ரேம் வாங்குவதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டாம். எப்போதும் ரேம் அளவில் பாதிக்குக் கீழேயே இருந்தால் காசை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

பையனை வழக்கமாக அவன் செய்கிற எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறக்கச் சொன்னேன். நாற்பத்துச் சொச்சம் டேப், விஎஸ் கோட், ஒரு ஆண்ட்ராய்டு எமுலேட்டர், பின்னால் பாட்டு. ஹார்ட் ஃபால்ட்ஸ் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு அடங்கிப் போனது. எமுலேட்டரிலிருந்து குரோமுக்கு வந்தான், டேப் உடனே வந்தது. பழைய எட்டு ஜிபியில் இந்த இடத்தில்தான் டீ போட்டுக் குடித்துவிட்டு வருவானாம். ஆனாலும் ஒரு சந்தேகம் விடவில்லை, "மாமா, எல்லாத்தையும் மூடியும் முன்னைவிட அதிக ரேம் பயன்பாட்டுல இருக்குன்னு காட்டுதே?" காட்டத்தான் செய்யும். இடம் நிறைய இருந்தால் விண்டோஸ் தன் வேலைகளையும் தாராளமாக விரித்து வைத்துக்கொள்கிறது, அதோடு நீங்கள் அடிக்கடி திறக்கிற கோப்புகளை முன்கூட்டியே காலி ரேமில் எடுத்து வைத்து அதை கேஷ்டு என்ற கணக்கில் காட்டுகிறது, வேறு யாராவது இடம் கேட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடும். ரேமைக் காலி செய்து தருகிறேன் என்று வருகிற இலவச மென்பொருள்கள் தூக்கி எறிவது பெரும்பாலும் இதைத்தான், அவற்றைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எக்ஸ்பீரியன்ஸ் இண்டெக்ஸை 2013-ல் விண்டோஸ் 8.1 வந்தபோது திரையிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஆனால் அதற்கு மார்க் போட்ட வின்சாட் என்ற கருவியை எடுக்கவில்லை, விண்டோஸ் 10-லும் உள்ளே இருக்கிறது, கமாண்ட் ப்ராம்ப்டில் கூப்பிட்டால் ஓடும். இதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரவு பதினோரு மணிக்குப் போன். "மாமா, கேமிங் கிராபிக்ஸ் 9.9! ஃபுல் மார்க்!" அந்தச் சோதனையை இப்போதெல்லாம் விண்டோஸ் ஓட்டுவதே இல்லை, யார் கணினியாக இருந்தாலும் 9.9 என்றுதான் எழுதி வைக்கும் என்று அவனிடம் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று போனை வைத்துவிட்டேன்.